ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம்

எஞ்சின் வேலை முடிந்து போன ஆறுச்சாமியின் வேன், போன சூடு ஆறுவதற்குள் பட்டறை வாசலில் திரும்பி வந்து நின்றது. சேலாஸ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து குன்னூர்ப் பள்ளிக்கூடத்தில் விடுவது, சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதுதான் ஆறுச்சாமியின் பிழைப்பு. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷர். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது போல நின்றார்.

"ஏனுங்க பாய், ஒரு சத்தம் வருதுங்க."

முபீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். "என்ன மாதிரி சத்தம்ங்க?"

"டக்கு டக்குன்னு. எஞ்சின் தலைமாட்டுல. தையல் மிஷின் ஓடற மாதிரி. பிள்ளைங்க இருக்கறப்ப அதுங்க போடற கூச்சல்ல ஒண்ணும் தெரியலீங்க. எறக்கி உட்டுட்டு வெறும் வண்டியில ஏறறப்பத்தான் காதுல உளுந்துது."

பட்டறைக்குள் மேசை ஓரத்தில் கார்புரேட்டர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்த அஃப்ஷான் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

அவள் முபீனின் மனைவி. கல்யாணமாகி, குன்னூரில் ஓட்டுப்பட்டறை என்கிற இந்தப் பகுதிக்கு வந்த புதிதில் மதியச் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவள்தான். பிறகு சும்மா நிற்பானேன் என்று சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தாள். வேலைக்கு இருந்த ஆள் திருப்பூருக்குப் போனதும் ஸ்பானரையே எடுத்துவிட்டாள். கை சிறிசு. முபீனின் விரல் நுழையாத இடத்தில் எல்லாம் அவள் விரல் நுழையும். இப்போது எஞ்சினின் அடிப்பாகம் பூட்டுவது முழுக்க அவள் பொறுப்பு. முதலில் முகம் சுளித்த டிரைவர்கள் கூட, "அம்மிணி கை வெச்ச வண்டிதானுங்க?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனார்கள்.

முபீன் வேனை ஸ்டார்ட் செய்தான். காதை பானட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். எஞ்சின் பால் மாதிரி ஓடியது. கொஞ்ச நேரம் ஆக்ஸிலரேட்டரைக் கூட்டி வைத்துப் பார்த்தான். சத்தமே இல்லை. ஆறுச்சாமியின் முகம் இன்னும் சுருங்கிப் போனது.

"நான் பொய் சொல்லலீங்க பாய்."

"சேச்சே, யாருங்க உங்களைச் சொன்னது. வாங்க, ஒரு நடை மேல போயிட்டு வரலாம்."

பழைய வண்டிகளில் வால்வுக்கும் அதை அழுத்துகிற கேமுக்கும் நடுவிலே இருக்கும் இடைவெளியைக் கையால் அளந்து வைக்க வேண்டும். இந்த எஞ்சினில் அந்த வேலை கிடையாது. ஒவ்வொரு வால்வின் தலையிலும் சிறிய இரும்புக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஆயில் நிரம்பிக் கெட்டிப்பட்டு, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். ஹைட்ராலிக் டேப்பட் என்பார்கள். உள்ளே ஆயிலுக்குப் பதில் காற்றுப் புகுந்தால் அது கெட்டிப்படாது, பஞ்சாக அமுங்கும். இரும்பும் இரும்பும் தட்டிக்கொள்ளும். புதிதாகப் பூட்டிய எஞ்சினில் முதல் சில நிமிஷம் இந்தத் தட்டல் கேட்பது சகஜம். பிறகு அடங்கிவிடும், இதிலும் அடங்கித்தான் இருந்தது.

காட்டேரி என்கிற ஊரைத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. ரோடு நிமிர்ந்து, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது கியரில் முனக ஆரம்பித்த கொஞ்ச தூரத்தில், லேசாகத் தொடங்கியது. டக், டக், டக். வளைவுக்கு வளைவு கூடியது. ஆறுச்சாமி முபீனைத் திரும்பிப் பார்த்தார். முபீன் தலையாட்டினான். மேலே சமதளத்தில், ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது.

"பேய் புடிச்ச மாதிரியே இருக்குதுங்க," என்றார் ஆறுச்சாமி.

"பேயா இருந்தா எறக்கத்துலயும் வருமுங்களே," என்றான் முபீன்.

பட்டறைக்கு வந்ததும் மேல்மூடியைக் கழற்றினான். டேப்பட்களை ஒவ்வொன்றாக மரக்குச்சியால் அழுத்திப் பார்த்தான். ஒன்று மட்டும் அமுங்கினால் அதில் தூசி என்று சொல்லலாம், அந்த ஒன்றை மாற்றலாம். இங்கே எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அமுங்கின. ஆயில் அளவுக் கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். ஆயில் சரியான கோட்டில்தான் நின்றது. ஆனால் அதில் பொடிப்பொடியாக நுரை. டேப்பட்டில் குற்றமில்லை, அதற்கு வந்து சேருகிற ஆயிலில்தான் காற்றுக் கலக்கிறது.

எங்கிருந்து? ஒரு சந்தேகம் வந்தது. அதைச் சோதிக்க ஒரு குறுக்குவழியும் இருந்தது. அளவுக்கு மேல் இன்னும் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, மறுபடி அதே ஏற்றத்தில் ஏற்றினான். சேலாஸ் வரைக்கும் ஒரு தட்டல் கூடக் கேட்கவில்லை.

ஆறுச்சாமிக்கு வாயெல்லாம் பல். "சரியாப் போச்சுங்களா?"

"இல்லீங்க. எங்கன்னு தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

எஞ்சினின் அடியில், ஆயில் தொட்டிக்குள், ஆயிலை உறிஞ்சி பம்புக்கு அனுப்புகிற குழாய் ஒன்று இருக்கிறது. குழாயும் பம்பும் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் சரியாக உட்காராவிட்டால், வண்டி ஏற்றத்தில் சாயும்போது ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, அந்த மூட்டு வெளியே தெரியும். குழாய் ஆயிலோடு காற்றையும் குடிக்கும். ஆயிலைக் கூட ஊற்றினால் மூட்டு முழுகிவிடும், சத்தமும் நின்றுவிடும். சமதளத்தில் வாழ்கிற வண்டியாக இருந்தால் இந்தத் தப்பு வெளியே வர வெகுகாலம் ஆகியிருக்கும்.

அந்த வளையத்தைப் பூட்டியது அஃப்ஷான்.

முபீன் அவளைக் கூப்பிட்டான். "ஊட்டிக்குப் போய் ஆயில் தொட்டி கேஸ்கெட் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறியா? இங்க ஸ்டாக் இல்லையாம்," என்று பஸ் ஏற்றி அனுப்பினான். குன்னூர்க் கடையில் அவன் கேட்கவே இல்லை.

அவள் போனதும் வேனுக்கு அடியில் படுத்து, ஆயிலை வடித்து, தொட்டியை இறக்கினான். குழாயைக் கழற்றி வளையத்தை எடுத்தான். ஒரு ஓரம் நசுங்கி, நகம் அளவுக்கு அறுந்திருந்தது. இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அவனை நிறுத்தியது வேறு. போல்ட் துளையைச் சுற்றிலும் கீறல்கள். புதுசு புதுசாய், கோழி கிளறின மாதிரி. போல்ட்டின் நுனி துளையைத் தேடித் தேடி வழுக்கின தடம். கண்ணை மூடிக்கொண்டு போல்ட் மாட்டுகிறவள் அஃப்ஷான். முதல் தரம் தவறினால் இரண்டாம் தரம், அவ்வளவுதான் அவள் கணக்கு.

கீழே படுத்தபடியே அவன் அந்தக் கீறல்களை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க வேறு என்னென்னவோ நினைவுக்கு வந்தன. இப்போதெல்லாம் அவள் டீ கிளாஸைப் பாதிதான் நிரப்புகிறாள். சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொன்னபோது, கடையில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று எரிந்து விழுந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது, வளையல் முழங்கை வரை ஏறுகிறது. மார்கழிக் குளிரில் ஊரே போர்த்திக்கொண்டு திரிகிறது, அவள் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கிறாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, புழுங்குகிறது என்று பக்கத்து அறையில் போய்ப் படுக்கிறாள்.

அவள் தங்கை கல்யாணத்துக்குப் பட்டறையை மூட முடியாது என்று அவன் மேட்டுப்பாளையம் போகாமல் இருந்துவிட்டான். அந்தக் கோபம்தான் தீரவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். கோபம் தானே ஆறட்டும் என்று அவனும் தள்ளியே இருந்தான். கோபத்துக்குக் கன்னம் ஒட்டாது, கை வழுக்காது.

அறுந்த வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மதியம் தாண்டி அஃப்ஷான் கேஸ்கெட்டோடு வந்தாள். தொட்டி இறங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"குழாய் வளையம் சரியில்ல. மட்டமான ரப்பரு. வேற நல்லதா போட்டுக்கலாம்."

"பழசைக் காட்டுங்க."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"நீங்க எப்பங்க பழைய சாமானைத் தூக்கிப் போட்டிருக்கீங்க?"

அவன் ஸ்பானர்களை அடுக்க ஆரம்பித்தான். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தாள். வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். அவள் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெளியே வந்தபோது முகத்தில் ஆயில் தீற்றல் இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இது ரப்பர் தப்பு இல்லீங்க," என்றாள். "நான் பண்ணினது. போல்ட்டு உள்ள போகவே இல்ல. புடிச்சுப் புடிச்சுப் பாத்தேன். நீங்க தொழுகைக்குப் போயிருந்தீங்க. வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு அழுத்திப் பூட்டிட்டேன்."

"பரவால்ல அஃப்ஷான். யாருக்கும் வர்றதுதான."

"கை நடுங்குதுங்க."

அதைச் சொன்னதும் அவள் அங்கேயே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். முபீன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எப்ப இருந்து?"

"மழை விட்டதுல இருந்து. மொதல்ல எப்பவாவது. இப்ப நாள் பூரா." கைகளை முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டாள். "அத்தாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு."

அவள் அப்பா மேட்டுப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடைசிக் காலத்தில் முழக்கோல் பிடிக்க முடியாமல் கை ஆடியது. பிறகு நடை தளர்ந்தது. பிறகு பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால் அவருக்குச் சோறு ஊட்டியவள் அஃப்ஷான்தான். அந்தக் கதை முபீனுக்குத் தெரியும். ஆனால் அவள் அதைத் தனக்குள்ளே இப்படிச் சுமந்துகொண்டிருந்தது தெரியாது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? ஸ்பானரை வாங்கி வெச்சுட்டு ஊட்டுல உக்காருன்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்பான்தான். அவள் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டான். ஓடுகிற வண்டியின் பானட்டில் கை வைத்தால் தெரிவது போல, மெலிசாக, விடாமல் ஓர் அதிர்வு. கூடவே இன்னொன்றும் தெரிந்தது.

"கை ஏன் இப்படிச் சுடுது?"

"எப்பவும் இப்படித்தாங்க இருக்கு. உள்ள நெருப்பு வெச்ச மாதிரி. நெஞ்சும் படபடன்னு அடிச்சுக்குது."

"உங்கத்தா கை எப்படி இருக்கும்?"

யோசித்தாள். "ஜில்லுன்னு இருக்கும். ரெண்டு சால்வை போத்தி விடுவோம்."

"அவர் இப்படி எளைச்சாரா? நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்னாரா?"

"இல்ல."

"எனக்கு டாக்டர் வேலை தெரியாது. ஆனா ரெண்டும் ஒரே சத்தம்னு எனக்குத் தோணல. தொறந்து பாக்காம ஒரு வண்டியைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல. உன் விஷயத்துல மட்டும் பாக்காமலே தீர்ப்பு எழுதிட்டியே."

அஃப்ஷான் அழவில்லை. மூக்கை மட்டும் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். அதில் ஆயில் இன்னும் பரவியது.

"பயமா இருந்துதுங்க," என்றாள்.

மறுநாள் பட்டறை திறக்கவில்லை. ஆறுச்சாமிக்குப் போன் செய்து, வண்டிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும், வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொன்னான். அவர், "வண்டி கெடக்குதுங்க, அம்மிணியைப் பாருங்க மொதல்ல. நான் மச்சினன் ஜீப்பை வாங்கி ஓட்டிக்கிறேன்," என்றார்.

குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் ஹன்னா என்று ஓர் அம்மா, நரைத்த தலை, மெதுவான பேச்சு. அஃப்ஷானைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது. கைகளை மடியில் போடச் சொன்னார். நடுக்கம் நின்றுவிட்டது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பசி எப்படி இருக்கு?"

"நெறைய சாப்பிடறேங்க. ஆனா உடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"தூக்கம்?"

"வர்றதில்லீங்க. பொரண்டு பொரண்டு படுத்திருப்பேன்."

முபீன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து அறையில் அவள் விழித்துக் கிடந்தது அவனுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அத்தாவைப் பற்றி அஃப்ஷானே சொன்னாள். டாக்டர் முழுக்கக் கேட்டார். "உங்கப்பாவுக்கு வந்ததுல கை சும்மா இருக்கறப்ப நடுங்கும்மா. உங்களுக்கு நீட்டினாத்தான் நடுங்குது. கழுத்துல லேசா வீக்கமும் இருக்கு. எனக்கு தைராய்டு மேலதான் சந்தேகம். ரத்தம் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்."

ரத்தப் பரிசோதனை முடிவு வரக் காத்திருந்தார்கள். வந்தபோது டாக்டர் சொன்னது சரியாகவே இருந்தது. தைராய்டு தேவைக்கு மேல் வேலை செய்கிறது. மாத்திரை இருக்கிறது, கொஞ்ச காலம் விடாமல் சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். நடுக்கம் அடங்க சில வாரம் ஆகும்.

"பட்டறை வேலைக்குப் போலாங்களா?" இதுதான் அஃப்ஷான் கேட்ட முதல் கேள்வி.

"அலுப்பா இருந்தா உக்காருங்க. கை நின்ன பிறகு எல்லாம் செய்யலாம்."

கிளினிக் படியில் இறங்கியதும்தான் அவள் அழுதாள். மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு, முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். முபீன் சுற்றிலும் ஆள் பார்க்கிறார்களா என்று பார்க்கவில்லை. முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றான். அழுது முடித்ததும், "பசிக்குதுங்க," என்றாள். பக்கத்து பேக்கரியில் டீயும் வர்க்கியும் வாங்கினார்கள். தன் பங்கைத் தின்றுவிட்டு அவன் தட்டிலிருந்ததையும் எடுத்துத் தின்றாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசே வரவில்லை. இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னான்.

வேனைப் பூட்டும் நாள் வந்தது. முபீன் தானே பூட்டிவிடலாம் என்று நினைத்திருந்தான். ஆனால் அஃப்ஷான் சாக்கை விரித்துக்கொண்டு வேனுக்கு அடியில் முதலில் நுழைந்துவிட்டாள்.

"நடுக்கம் இன்னும் நிக்கலையே," என்றான்.

"தெரியும். நீங்களும் வாங்க."

இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி அண்ணாந்து படுத்தார்கள். புது வளையத்தில் ஆயில் தடவி, குழாயின் வாயில் அவள் உட்கார்த்தினாள். விரலால் சுற்றிலும் தடவி, நெருடவில்லை என்று பார்த்துக்கொண்டாள். போல்ட்டைத் துளையில் வைத்து முதல் திருகு திருகியது அவன். இறுக்கியது அவள். "போதும், வளையம் நசுங்கிரும்," என்று அவளே நிறுத்தினாள். பிறகு, "இப்ப நீங்க தொட்டுப் பாருங்க," என்றாள். அவன் தொட்டுப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு மச்சினன் ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆறுச்சாமி வந்தார். மூவரும் வேனில் ஏறினார்கள். அஃப்ஷான் பின்னால், பிள்ளைகள் உட்காரும் பலகையில். ஆயில் சரியான கோட்டில், ஒரு சொட்டு கூடுதல் இல்லை. காட்டேரி தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஆறுச்சாமி கண்ணாடியை இறக்கிவிட்டார். பனிக்காற்று உள்ளே வந்தது. தேயிலைக்குள் யாரோ யாரையோ படகர் பாஷையில் கூப்பிடுவது கேட்டது. எஞ்சின் ஒரே சுருதியில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசி வளைவும் போனது.

"ஒண்ணும் கேக்கலீங்களே," என்றார் ஆறுச்சாமி, அப்போதும் நம்பாதவர் போல.

"கேக்கக் கூடாதுங்க," என்றாள் அஃப்ஷான் பின்னாலிருந்து. "அண்ணா, அது நான் பண்ணின தப்பு. என் கை சரியில்லாம இருந்துது. உங்களை வீணா அலைய வெச்சுட்டேன்."

ஆறுச்சாமி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அடுத்த வருசமும் எஞ்சின் வேலைன்னா உங்க கிட்டத்தான் உடுவேன் அம்மிணி," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சேலாஸில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். கொண்டுவந்து விடுகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸுக்காக ரோட்டோரம் மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக இருந்தது.

"ரப்பர் மட்டம்னு ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"நீ சங்கடப்படுவேன்னு."

"ஆறுச்சாமி அண்ணன் கிட்டயும் அப்படியே சொல்லியிருப்பீங்க."

"என் தப்புன்னு சொல்லியிருப்பேன்."

"இனிமே அப்படிச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியணுமில்ல, எங்க கோளாறுன்னு."

"சரி. நீயும் மறைக்காத."

"சரி."

"தங்கச்சி கல்யாணத்துக்கு வராதது தப்புதான்," என்றான் முபீன். "அந்தக் கோபம்னு நெனச்சுட்டே இருந்தேன்."

அஃப்ஷான் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அது அன்னிக்கே போச்சுங்களே," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா ஒரு நடை போயிட்டு வரலாம். அவ கேட்டுட்டே இருக்கா," என்றாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை போலாம்."

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் எழுந்து, அவன் முதுகில் ஒட்டியிருந்த சுவர்ப் பாசியைத் தட்டிவிட்டாள். பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். வண்டி இறக்கத்தில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அவன் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். வளைவுகளில் அவள் சரியாமல் இருக்க முபீன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் குன்னூர் வரை வந்தான்.